கட்டி தட்டாமல் கலக்கணும்!

பேஸ்மேக்கர் வைத்தவர் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி நிச்சயம் எழும்: "இதோட பேட்டரி எத்தனை வருஷம் வரும்?" ஏறக்குறைய பத்து வருடம் வரலாம். தீர்ந்துபோனால் மறுபடியும் ஆபரேஷன்தான்.

உடம்புக்கு வெளியே காந்தப்புலத்தைக் காட்டி, உள்ளே இருக்கும் கருவிக்கு மின்சாரம் கொடுக்க முடிந்தால்? அந்தக் கனவுக்கான மூலப்பொருள்களில் ஒன்றுதான், வளையக்கூடிய 'மல்டிஃபெர்ராயிக்' ஃபிலிம்.

காந்த குணமும் மின் குணமும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பது அபூர்வம். அதனால் இரண்டு பொருள்களைக் கலக்கிறார்கள். ஒன்று, பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக். அழுத்தினால் இதில் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1969-ல் ஜப்பானியரான கவாய் காட்டினார். இன்னொன்று, கோபால்ட் ஃபெரைட் போன்ற காந்தப் பொடி. காந்தப்புலம் பட்டால் இந்தப் பொடி இம்மியளவு உருமாறும். சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை நெருக்கும். உடனே மின்னழுத்தம் தயார்!

அப்படியானால் பொடியை அள்ளிப் போடலாமே? அங்கேதான் சிக்கல். பொடி கூடினால் காந்த குணம் கூடும். ஆனால் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, மின்சாரம் கசிய வழி அமைத்துவிடும். ஃபிலிமும் வளைவதற்குப் பதில் அப்பளம் போல நொறுங்கும். குறைவான பொடிகூட, உப்புமாவில் ரவை மாதிரி கட்டி தட்டிவிட்டால் வீண்தான்.

எனவே பொடியை நானோ அளவில் தயாரிக்கிறார்கள். ஒவ்வொரு துகளுக்கும் மின்சாரம் கடத்தாத மெல்லிய பூச்சு கொடுத்து, கரைசலில் சீராகப் பரப்புகிறார்கள். காய்ந்த ஃபிலிமைச் சூடாக்கி இழுத்தால், பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் நேராக வரிசை கட்டும். மின் குணம் கூடும்.

2020-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு, பிவிடிஎஃப் ஏட்டைக் காந்த உலோகத் தகட்டுடன் ஒட்டி, பேட்டரியோ வயரோ இல்லாமல் எலிகளின் மூளையைத் தூண்டிக் காட்டியது. அது அடுக்கடுக்காக ஒட்டிய ஃபிலிம். பொடி கலந்த ஃபிலிம் வளைக்கவும் வெட்டவும் இன்னும் சுலபமானது. ஆனால் அதில் கிடைக்கும் மின்னழுத்தம் குறைவு. அதைக் கூட்டத்தான் இத்தனை பாடும்.

ஒரு எச்சரிக்கை: இது நாளைய கதை. இன்றைய பேஸ்மேக்கர் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோகவே கூடாது. செல்போனைக்கூட சட்டைப் பையில், அதன் மேலாக வைக்க வேண்டாம் என்று தாத்தாவிடம் சொல்லிவையுங்கள்.