நான்காவது கியர் ஆடம்பரமா?

வீதியில் ஓடும் அதிவேகக் காருக்கு ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸே உத்தமம், நான்காவது கியர் வீண் ஆடம்பரம் என்கிறார் நண்பர். 1964-இல் பிறந்த அந்த யந்திரத்தின் பலத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதே வம்சத்தில் 1991-இல் வந்த 4எல்80இ, முதல் மூன்று கியர்களில் அதே 2.48, 1.48, 1.00 விகிதங்களை வைத்துக்கொண்டு, 0.75 என்ற நான்காவதையும், டார்க் கன்வர்ட்டரின் வழுக்கலைத் தடுக்கும் பூட்டையும் சேர்த்தளித்து, நெடுஞ்சாலையில் 3,000 சுற்றில் அலறும் எஞ்சினை அதே வேகத்தில் 2,250-க்கோ அதற்கும் கீழோ இறக்கும்போது, அந்த சௌகரியத்தை ஆடம்பரமென்பது என்ன நியாயம்? கால் மைல் பந்தயம் முடிந்ததும் காரை டிரெய்லரில் ஏற்றி வீடு திரும்புகிறவருக்கு நண்பரின் வாதம் பொருந்தலாம். 4எல்80இ-க்கு வேண்டிய மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியின் செலவும், கூடுதல் எடையும், சில பழைய கார்களில் தளத்தகட்டைத் தட்டி இடம் செய்யவேண்டியிருப்பதும் மெய்தான். சுத்தியலுக்கு அஞ்சுகிறவர் கியர்பாக்ஸை மாற்றப் புறப்படுவானேன்?