எட்டில் ஒரு பங்கு, இரண்டரை மில்லிமீட்டர்

நான்கு மீட்டர் நீளமுள்ள ஒரு காரை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் அரை மீட்டர் மாதிரி கிடைக்கும். இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினால் பதினேழு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அச்சில் வார்க்கப்படும் ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக், ஆறும்போது ஏறத்தாழ அரை சதவீதம் சுருங்குகிறது. சின்ன மாதிரியில் அது முக்கால் மில்லிமீட்டர் சொச்சம்; பெரிய மாதிரியில் இரண்டரை மில்லிமீட்டர். அச்சு செய்கிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்வது உண்மைதான். ஆனால் தடித்த இடம் மெதுவாக ஆறுகிறது, மெல்லிய இடம் சீக்கிரம் ஆறுகிறது. நீண்ட தகடு லேசாக முறுக்கிக்கொள்கிறது. கதவு ஓர் அச்சிலும் கதவுச் சட்டம் வேறோர் அச்சிலும் பிறந்தவை. இதோடு, கட்டுகிறவர் பூசும் அடிப்பூச்சு, நிறம், பளபளப்பு மூன்றும் சேர்ந்தால் பக்கத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் ஏறிவிடும். பெட்டியிலிருந்து எடுத்தபோது மூடிய கதவு, வண்ணம் அடித்தபின் மூடாது. கோலார் தங்கவயலில் இதை யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஊரார் பெமல் என்று அழைக்கும் பி.இ.எம்.எல். ஆலையில், ஜப்பானின் கொமாட்சுவுடன் தொழில்நுட்பக் கூட்டு வைத்து புல்டோசர் செய்து பழகிய ஊர் இது. வரைபடத்தில் எழுதிய அளவு ஒன்று, இரும்பில் வந்து நிற்கும் அளவு இன்னொன்று என்பது எந்த ஃபிட்டருக்கும் தெரியும்.

பெரிய மாதிரி கார்களைப் பற்றி எழும் குறைகளில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் எங்கும் போய்ச் சேர்வதில்லை. ஒன்று பொருத்தம்: பாகங்கள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா? மற்றொன்று ஒப்புமை: சேர்ந்தபின் அது அந்தக் கார்தானா? இத்தாலியின் போக்கர் நிறுவனம் எட்டில் ஒரு பங்கு அளவில் விற்ற பழைய ரோல்ஸ்ராய்ஸ், ஆல்ஃபா ரோமியோ மாதிரிகள் முதல் வகைக் குறைக்குப் பேர் போனவை. எண்ணிலடங்காத சிறு பாகங்கள். திருகும் அரமும் பொறுமையும் இல்லாமல் எதுவும் எதனோடும் சேராது. ஆனாலும் அவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், காரணம் ஒன்றுதான்: பொருந்தாத கதவை அரத்தால் தேய்த்துப் பொருத்திவிடலாம், இடைவெளியைப் புட்டி வைத்து அடைத்துவிடலாம். கூரையின் வளைவு பிசகியிருந்தால் என்ன செய்வது? உடலை முழுக்க அறுத்து வேறு உடல்தான் செய்ய வேண்டும். ‘கைத்திறன் உள்ளவனுக்கு எந்த மாதிரியும் நல்ல மாதிரியே’ என்று வாதிடுகிறவர்கள் முதல் வகைக் குறையை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

ஒப்புமை எங்கே தவறுகிறது? பெரும்பாலும் அச்சில் அல்ல, அதற்கும் முன்னால், அளவெடுக்கும் கட்டத்தில். ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976இல் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் போர்ஷே 934 மாதிரியை வெளியிட்டது. அதற்காக ஷுன்சாகு டாமியா ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டுப் பார்த்தார் என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த கதை. ஒரு பொம்மைக்கு ஒரு கார் என்றால் சிரிப்பு வரலாம். புகைப்படத்தை வைத்து வரைகிறவருக்கோ கேமரா செய்யும் ஏமாற்று தெரியாது: அருகில் நின்று எடுத்த படத்தில் முன்பக்கம் பெருத்தும் பின்பக்கம் சிறுத்தும் தெரியும், அந்தப் பெருப்பு அப்படியே அச்சில் ஏறிவிடும். நம் அம்பாசடரையே எடுத்துக்கொள்ளுங்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்ட வண்டி. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வண்டி. கிட்டே போனால் மார்க் 1, மார்க் 2, மார்க் 3 என்று முகப்பு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இணையத்தில் கிடைத்த பத்துப் படங்களைக் கலந்து மாதிரி செய்தால் எந்த வருடத்திலும் ஓடாத ஓர் அம்பாசடர்தான் வெளியே வரும்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அசல் அளவை அப்படியே சுருக்குவதே முடியாத காரியம் என்பார்கள், அது சரிதான். காரின் தகடு முக்கால், ஒரு மில்லிமீட்டர் கனம்தான். மாதிரியில் ஒன்றரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வைத்தால், இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில் அது 36 மில்லிமீட்டர் இரும்புக்குச் சமம். கார் அல்ல, பீரங்கி வண்டி. பழைய மாதிரிகள் பலவற்றில் மோட்டாரும் பேட்டரியும் வைக்க வேண்டியிருந்ததால் உட்புறமே பொய்யாயிற்று. கண்ணுக்குச் சரியாகத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே ஒரு கோட்டைத் தள்ளி வரைகிற அச்சுக் கலைஞர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் ஏற்றுக்கொள்ளலாம், ஏனென்றால் அவர்கள் அசல் அளவைக் கையில் வைத்துக்கொண்டு விலகுகிறார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல முடியும். அளவே இல்லாதவருக்கு அந்தப் பதில் கிடையாது. அவருடைய பிழை அவருக்கே தெரியாது.

இத்தனையும் பொழுதுபோக்குக்காரர்களின் கவலையாக மட்டும் இருந்தால் ஒரு நாளிதழில் இடம் கேட்பது நியாயமல்ல. தங்கவயலில் இதே கேள்வி வேறு உருவில் நிற்கிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடும்வரை இயங்கிய சுரங்கங்கள், சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியவை. அவற்றின் ஷாஃப்டுகள் எனப்படும் செங்குத்துக் குழிகளின் மேல் நின்ற இரும்புக் கோபுரங்களில் பல, இன்று துருவேறி நிற்கின்றன. 2018இல் இந்த ஊரின் பெயரையே சூடிக்கொண்டு வந்த கன்னடப் படம் சைனைடு மலை எனப்படும் கழிவுமண் மேட்டில் எடுக்கப்பட்டது. அதில் வரும் நராச்சி கற்பனைச் சுரங்கம், அப்படிக் கற்பனை செய்யச் சினிமாவுக்கு உரிமை உண்டு. ஆனால் நாளை யாரோ ஒருவர் தங்கவயல் ஷாஃப்டின் கோபுரத்தை நாற்பதில் ஒரு பங்கு அளவில் செய்ய உட்கார்ந்தால், அவர் கையில் என்ன இருக்கும்? படத்தின் காட்சிகளும், சுற்றுலா வந்தவர்கள் கீழே நின்று எடுத்த புகைப்படங்களும். உச்சி சிறுத்து, கால்கள் பெருத்து, எந்தச் சுரங்கத்திலும் நிற்காத ஒரு கோபுரம் பிறக்கும். பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் தாத்தாக்கள் வேலை செய்த இடம் என்று நம்புவார்கள். 2024 ஜூனில், கழிவுமண் குவிந்த 13 மேடுகளை மறுபடி பயன்படுத்தும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அது நல்லதா கெட்டதா என்பது தனி வழக்கு. மேடுகள் கரைந்தால் ஊரின் விளிம்புக் கோடே மாறும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அதனால் நிற்கும் கோபுரங்களை இப்போதே அளந்து வைக்க வேண்டும் என்றால், ‘பழைய வரைபடங்கள் எங்காவது இருக்குமே’ என்பது முதல் பதில். இருக்கலாம், கிடைத்தால் கொண்டாடலாம். ஆனால் நூறு வருடம் ஓடிய சுரங்கத்தில் வரைபடப்படி கடைசிவரை நின்றது எது? உத்தரத்தை மாற்றியிருப்பார்கள், ஏணியை நகர்த்தியிருப்பார்கள், கூண்டு இறங்கும் வழிக்கம்பியை இடைவெளி பார்த்துத் திருத்தியிருப்பார்கள். வழிக்கம்பி இறுகினால் கூண்டு சிக்கும், தளர்ந்தால் அடித்துக்கொள்ளும். இந்தத் திருத்தங்களில்தான் வேலை செய்தவர்களின் கை இருக்கிறது. செலவு என்பது கடைசி ஆட்சேபம். கோபுரங்களைப் புதுப்பிக்கப் பெரும் பணம் வேண்டும் என்பது உண்மை; அளவெடுக்க அவ்வளவு வேண்டாம். லேசர் அளவீடு இன்று கட்டுமானத் துறையில் சாதாரண வேலை. வெர்னியர் காலிப்பர் பிடித்து வாழ்நாள் கழித்த ஓய்வுபெற்ற ஃபிட்டர்களும் டர்னர்களும் இந்த ஊர்த் தெருக்களிலேயே இருக்கிறார்கள், சாம்பியன் ரீஃபில், மாரிக்குப்பத்தில், உரிகத்தில். எந்தப் போல்ட் பிற்காலத்தில் வந்தது, எந்தத் தகடு ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று லேசர் சொல்லாது, அவர்கள் சொல்வார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், உச்சியில் இருக்கும் சக்கரத்திலிருந்து தொடங்கலாம். கயிற்றின் பருமனுக்கு ஏற்றபடிதான் அந்தச் சக்கரத்தின் விட்டம் தீர்மானிக்கப்பட்டிருக்கும். அது தெரிந்தால் கயிறு தெரியும், கயிறு தெரிந்தால் அது எவ்வளவு பாரம் இழுத்தது என்பதும் ஓரளவு பிடிபடும். கீழேயிருந்து எடுக்கும் லேசர் அளவு விட்டத்தைச் சொல்லிவிடும். கயிறு ஓடி ஓடி அந்தச் சக்கரத்தின் பள்ளத்தை எத்தனை மில்லிமீட்டர் தேய்த்திருக்கிறது என்பதை அளக்க மட்டும், கோபுரம் ஆள் எடையைத் தாங்கும் நிலையில் இருக்கும்போதே, ஒருவர் மேலே ஏறியாக வேண்டும்.