ஆருக்காக இந்த டொக்டர் படிப்பு?

இசட் புள்ளி வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே. அடுத்த நாளே வீட்டில் பேச்சு: சீனாவா, ரஷ்யாவா, பங்களாதேசா? காணியை ஈடு வைப்பமா, விப்பமா? பிள்ளையின் விருப்பத்தை மட்டும் ஆரும் கேக்கிறேல்லை.

ஏஜென்சிக்காரர் சொல்லும் தொகை முழுச்செலவில்லை. படிச்சு வந்தாலும், இலங்கை மருத்துவ சபையின் ஈஆர்பிஎம் பரீட்சையில் சித்தியடையாமல் இங்கே வைத்தியராகப் பதிய முடியாது. அதுவரைக்கும் ஆர் சோறு போடுறது?

உண்மையில் மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளையை நாங்கள் மறிக்கவில்லை. உயர்தரம் மூன்று தடவை எழுதலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அரச மருத்துவ பீடங்களில் படிப்பு இலவசம். தாதியியலும் மருந்தகவியலும் நோயாளிக்குச் செய்யும் வேலைதான்.

'டொக்டரின்ர அம்மா' எண்டு ஊருக்கு முன்னால் நிமிரத்தான் காணி போகுதெண்டால், அது பிள்ளையின் விருப்பமில்லை. அந்தக் காணியில் தங்கச்சியின் பங்கும் கிடக்கு.