பசுமை மட்டும் போதுமா?

நிலக்கரி எடுத்த பள்ளத்தை மூடி, மேலே புல்லை விதைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். தொலைவிலிருந்து நோக்குவோருக்குப் பச்சை நிறம் ஒன்றே புலப்படும். அப்பச்சையைத் தின்று மாடு கொழுக்குமா, தின்றபின் மறு ஆண்டும் அது தழைக்குமா என்பதன்றோ கேள்வி! இதற்கு விடை காண, அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா மாநிலப் புல்வெளிகளில் கைக்கொள்ளப்படும் முறையை இத்திங்கள் நோக்குவோம்.

1977ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட திறந்தவெளிச் சுரங்கச் சட்டமே இதற்கு அடிப்படை. தோண்டுமுன் மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்தல் வேண்டும். நிலத்தை ஏறத்தாழப் பழைய வடிவிற்குக் கொணர்தல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே பிணை கட்டுதல் வேண்டும். மேல்மண்ணை ஆண்டுக்கணக்கில் குவித்து வைத்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் குன்றிவிடும். ஆதலின் இயன்றவிடத்து, புதிதாய்த் திறக்கும் இடத்து மண்ணை அன்றே மூடும் இடத்திற்குக் கொண்டு செல்கின்றனர்.

பள்ளத்தை நிரப்பிச் சமன்செய்து வடிகால் அமைத்ததும் பிணையில் 60 விழுக்காடு வரை திருப்பித் தரப்படலாம். எஞ்சியதைப் பெறுவதற்குப் புல்தான் சாட்சி சொல்ல வேண்டும். ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள பகுதிகளில் பத்து முழு ஆண்டுகள் நிறுவனமே நிலத்திற்குப் பொறுப்பு. அவற்றுள் கடைசி இரண்டு ஆண்டுகளிலேனும் தொடர்ந்து புல் தேறியிருத்தல் வேண்டும்.

தேர்வு நடைபெறும் விதம் எளியது. சிறு சதுரச் சட்டகத்தைத் தரையில் வைத்து, அதனுள் உள்ள புல்லை அரிந்து, உலர்த்தி, நிறுக்கின்றனர். அருகே தோண்டப்படாத ஒப்பு நிலத்திலும் அவ்வாறே செய்கின்றனர். வறட்சி வந்தால் இரண்டும் ஒருங்கே வாடும். ஆகவே ஒப்பீடு நியாயமாகிறது. வகுத்த அளவில் 90 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்பது விதி. மாடு வாங்கச் செல்லும் நம் பெரியவர்கள் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோன்ற காரியமே இது.

எடை மட்டும் போதாது. எந்தப் புல் என்பதையும் குறித்துக்கொள்கின்றனர். அங்கே 'சீட்கிராஸ்' என்றொரு களை உண்டு. ஏமாற்றுப் புல் என்று பொருள்படும். இளவேனிலில் பசுமை காட்டிக் கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து சருகாகும். மாறாக, அந்நிலத்திற்கே உரிய சேஜ்பிரஷ் என்னும் புதர் மீண்டு வளரப் பல்லாண்டுகள் பிடிக்கும்.

பின்னர் மாடுகளை விட்டுப் பார்க்கின்றனர். ஆங்காங்கே கம்பிக் கூண்டு கவிழ்த்து, கூண்டுக்குள் வளர்ந்ததையும் வெளியே மிஞ்சியதையும் ஒப்பிட்டால், தின்ற அளவு தெரிந்துவிடும். பாதியைத் தின்னவிட்டுப் பாதியை விடு என்பது அந்நாட்டுக் கால்நடை வளர்ப்போர் கூறும் பழைய கணக்கு. அதற்குமேல் மேய்ந்தால் வேர் மெலியும். மாடுகள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியே கூடும். புதுச் சரிவுகளில் அவை மிதித்த தடம் மழையில் ஓடையாகிவிடும். ஆகவே தொட்டியை எங்கே வைப்பது என்பதும் சிறிய காரியமன்று.

இத்தனை கவனத்திற்கும் முதுகெலும்பு அப்பிணையே. ஆனால் தன் செல்வ நிலையையே பிணையாகக் காட்டிக்கொள்ளப் பெரிய நிறுவனங்களுக்கு வயோமிங் இடமளித்திருந்தது. 2015 ஆகஸ்டில் ஆல்ஃபா, 2016 சனவரியில் ஆர்ச், ஏப்ரலில் பீபாடி ஆகியன அடுத்தடுத்துக் கடன் தீர்க்கவியலாது நீதிமன்றத்தை நாடின. வெறும் வாக்குறுதியைப் பிணையென்று ஏற்றது விவேகமா என்று அன்று பலர் வினவினர்; நமக்கும் அது விவேகமாகத் தோன்றவில்லை. அம்மூன்றின் சுரங்கங்களுக்கும் பின்னர் வேறு ஈடுகள் வந்து சேர்ந்தன; 2019இல் மாநிலம் தன் விதிகளையும் இறுக்கியது.

பிணை முழுவதும் விடுவிக்கப்பட்ட நாளோடு நிறுவனத்தின் பொறுப்பு தீர்கிறது. அதன்பின் சட்டகம் கொண்டு புல்லை நிறுக்க எவரும் வாரார். நிலமும் மாடும் அங்குள்ள குடும்பத்தின் பாடு.