அறியாத கோப்பை வாசலிலேயே விசாரிப்போம்

செம்பூரை அடுத்த அணுசக்தி நகரில் இந்திய அணுமின் கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி அமைப்பில் ஊடுருவல் நிகழ்ந்ததாகச் செய்தி பரவியதை அடுத்து, 2019 அக்டோபர் 30 அன்று அக்கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தனது கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே என்றும், கணினிப் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பான செர்ட்-இன் அதனைச் செப்டம்பர் 4 அன்றே தெரிவித்தது என்றும் அதில் கூறியது. அக்கணினி நிர்வாகப் பணிகளுக்கானது, இணையத்தோடு தொடர்புடையது, நிலையத்தின் முக்கிய உட்பிணையத்தோடு தொடர்பற்றது என்பதே அறிக்கையின் சாரம்.

அணு உலைக்கும் வங்கி வாடிக்கையாளருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அத்தீநிரலை ஆய்வாளர்கள் டிட்ராக் என்று அடையாளம் கண்டனர். காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதற்கு ஒரு மாதம் முன்னரே அதனைப் பற்றி எழுதியிருந்தது. இந்திய ஏ.டி.எம். இயந்திரங்களில் அட்டை விவரங்களைத் திருடிய நிரலை ஆராய்ந்தபோதுதான் அந்நிறுவனம் டிட்ராக்கைக் கண்டது. விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவு செய்தல், உலாவியின் வரலாற்றை எடுத்தல், வட்டில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடுதல் ஆகியவை அதன் தொழில். கடவுச்சொல்லைத் தட்டும் எவருக்கும் இது அயலார் கதை அன்று.

செம்பூரின் சிறு அலுவலகங்களிலும் இல்லங்களிலும் பெரும்பாலும் ஒரே கணினிதான் உண்டு. ஜி.எஸ்.டி. கணக்கும், வங்கிப் பணமாற்றமும், பிள்ளைகளின் விளையாட்டும் அதில்தான் நடைபெறுகின்றன. அதனுள் அறியாத நிரல் கோப்பொன்று வரும்போது, 'திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்' என்பது நம்மிடையே உள்ள வழக்கம். அது தவறு என்பதே நம் கருத்து. நிரலைத் திறப்பது அதைப் பார்ப்பது அன்று. நம் கணினியில் செயல்பட அதற்கு அனுமதி கொடுப்பது. விசாரணை வாசலில் நடக்க வேண்டும்; கூடத்தில் அமர்த்திய பின் அன்று.

முதலில் கேட்க வேண்டியது, எங்கிருந்து வந்தது என்பது. தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து நாமே இறக்கியது வேறு. வாட்ஸ்அப்பில் வந்தது வேறு. அடுத்து, கோப்பின் முழுப் பெயர். விண்டோஸ் இயல்பாகப் பெயரின் ஈற்றை மறைத்துக் காட்டுவதால், பி.டி.எஃப். விலைப்பட்டியல்போல் தோன்றுவது இ.எக்ஸ்.இ. நிரலாக இருக்கக்கூடும். கைபேசியில் ஏ.பி.கே. என முடியும் கோப்பும் நிரலே. திருமண அழைப்பிதழ் என்றும் போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் பெயர் தாங்கி அது வருவதை நாம் அறிவோம். மூன்றாவது, மின் கையொப்பம். கோப்பின் மீது வலப்பொத்தானை அழுத்திப் பண்புகள் பகுதியைத் திறந்தால், கையொப்பமிட்ட நிறுவனத்தின் பெயர் அங்கே தெரியும். நான்காவது, வைரஸ்டோட்டல் போன்ற பொதுச் சோதனைத் தளம். அது பல வைரஸ் தடுப்பு மென்பொருள்களின் தீர்ப்பை ஒரே இடத்தில் தருகிறது. ஆயினும் அங்கே ஏற்றப்படும் கோப்பைப் பாதுகாப்பு நிறுவனங்களும் பார்க்க முடியும் என்பதால், சொந்த ஆவணங்களை ஏற்றலாகாது.

இத்தனைக்குப் பின்னும் முழு உறுதி கிடைக்குமா? கிடைக்காது. 2017-இல் சிகிளீனர் என்னும் புகழ்பெற்ற மென்பொருளின் ஒரு பதிப்பில் தீநிரல் புகுத்தப்பட்டது. அது தயாரிப்பாளரின் தளத்திலேயே கிடைத்தது. முறையான கையொப்பமும் தாங்கியிருந்தது. சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் அது நிறுவப்பட்ட பிறகே உண்மை வெளிப்பட்டது. புதிதாக எழுதப்பட்ட தீநிரலையும் தடுப்பு மென்பொருள் உடனே அறிவதில்லை. எனவே 'வைரஸ் இல்லை' என்னும் விடைக்கு 'இதுவரை எவரும் கண்டறியவில்லை' என்றே பொருள் கொள்ள வேண்டும். ஐயம் தீராத கோப்பு, தீங்கானது என்று மெய்ப்பிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அதை நீக்கிவிடலாம்.

சோதனைக்கு எல்லை உண்டு என்பதால்தான் சுவரும் வேண்டும். கூடங்குளம் நிகழ்வு கற்பிக்கும் பாடம் அதுவே. நிர்வாகக் கணினிக்கும் உலைக்கும் இடையே பிரிவினை இருந்ததால், ஒன்றில் நேர்ந்த ஊடுருவல் மற்றொன்றை எட்டவில்லை. அத்தகைய பிரிவினையைச் சிறிய அளவில் நாமும் செய்யலாம். அன்றாடப் பணிக்கு நிர்வாகி உரிமை இல்லாத பயனர் கணக்கைப் பயன்படுத்தலாம். வாய்ப்புள்ளவர்கள் பணமாற்றத்திற்கென ஒரு கருவியைத் தனியே வைத்து, அதில் வேறெந்த நிரலையும் நிறுவாதிருக்கலாம். பழைய மடிக்கணினியும் இதற்குப் போதும். ஆனால் அதன் இயங்குதளத்திற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்துகொண்டிருக்க வேண்டும்.

பொறுப்பு வாடிக்கையாளருக்கு மட்டுமே உரியதன்று. வங்கிகள் தம் செயலிகள் எங்கே கிடைக்கும் என்பதைக் கிளையின் அறிவிப்புப் பலகையிலேயே, உள்ளூர் மக்கள் படிக்கும் மொழிகளில் எழுதி வைக்க வேண்டும். செம்பூர்க் கிளையில் தமிழும் அவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் எழுதிய எச்சரிக்கை, அதற்கு மிகவும் தேவைப்படும் முதியவரைச் சென்றடைவதில்லை.

தவறுதலாகத் திறந்துவிட்டால் செய்ய வேண்டியவை மூன்று. இணையத் தொடர்பைத் துண்டித்தல். வேறு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுதல். பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவித்தல். அடையாளமின்றி அடுத்த கைக்குத் தாவிவிடும் பணத்தை இடையில் நிறுத்துவதற்கு முதல் சில மணி நேரமே வாய்ப்பானது. வெட்கத்தால் மறைப்பதில் பயனடைபவர் திருடர் ஒருவரே.