முன்கால் மாற்றிய மோட்டார்



இந்த மாதம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதவில்லை. மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். "வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை?" என்று சிரிக்காதீர்கள். விடியற்காலையில் அம்மாவைப் பெரட்டுக்கு ஏற்றிப் போவதும், தங்கையைப் பள்ளியில் விடுவதும், கேஸ் தோம்பு கட்டி வருவதும் நம் வீடுகளில் மோட்டார்தானே? அந்த விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பையன் ஒருவன். இப்போது செம்பனை வெட்டுகிறான். அப்பா இல்லை, அம்மா அதே தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறார். அவனிடம் 150 சி.சி. ஸ்கிராம்ப்ளர் ஒன்று உண்டு. வெளிக்காட்டுச் செம்மண் பாதையில் ஏழு வருடம் ஓடி அதன் முன் போர்க் தளர்ந்துவிட்டது. முன் போர்க் என்றால், முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, பள்ளத்தில் விழுந்தால் அமுங்கி எழும் அந்த இரண்டு கால்கள். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கும். ஸ்பிரிங் துள்ளும், எண்ணெய் அந்தத் துள்ளலை அடக்கும். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1935-இல் இப்படி எண்ணெய் அடக்கும் போர்க்கைத் தன் வண்டிகளில் போட்டு விற்றது. நம் தாத்தாமார் ஓட்டிய பழைய ஹோண்டா கப்சாயில் இது கிடையாது. அதற்குக் கீழே சிறு கைபோல ஓர் இணைப்பு. முன் பிரேக் பிடித்தால் வண்டி தலை குனியாமல் தலை தூக்கும். ஓட்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பையனுக்குத் தடித்த போர்க் மேல் ஆசை. பட்டணத்தில் பழைய சாமான் கடையொன்றில் பந்தய வண்டியின் போர்க், சக்கரம், பிரேக் எல்லாம் சேர்த்து 700 வெள்ளி. அம்மா என்னிடம் வந்து, "சார், நீங்க பார்த்துச் சொன்னா வாங்கட்டும்" என்றார். நானும் போனேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "பொருந்தும் போலத்தான் தெரியுது" என்றேன். பிள்ளைகளிடம் அளக்காமல் விடை எழுதாதே என்று தினமும் சொல்கிற வாய் இது. அன்றைக்கு ஓர் அடிக்கோல்கூட என் பையில் இல்லை.

பொருந்தவில்லை. வண்டிச் சட்டத்தின் கழுத்துக் குழாய்க்குள் ஓர் உருளைத் தண்டு போகிறது. ஸ்டெம் என்பார்கள். போர்க்கின் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் இணைப்பது அதுதான். மேலும் கீழும் உள்ள பேரிங்கில் அது சுழல்வதால்தான் கைப்பிடி திரும்புகிறது. நீளம், பேரிங் உட்காரும் இடத்தின் பருமன், இரண்டும் சரியாக இருக்க வேண்டும். பந்தய போர்க்கின் ஸ்டெம் குட்டையாக இருந்தது. ஒரு பட்டறையில் அதை வெட்டி, நடுவில் துண்டு வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள். சாயம் பூசியதும் புதிதுபோல இருந்தது. எனக்கும் திருப்திதான்.

மூன்று வாரம் ஓடியது. ஒரு சனிக்கிழமை மாலை வண்டி கழுவும்போது, பள்ளத்தில் இறங்கினால் கைப்பிடியில் 'டக்' என்று ஏதோ தட்டுகிறது என்றான். பேரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்துக் கழற்றினோம். வெல்டிங்கின் ஓரத்தில் தலைமுடி அளவு விரிசல், தண்டைச் சுற்றிப் பாதி தூரம் ஓடியிருந்தது. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும், குழியில் விழும் ஒவ்வொரு தடவையும் வளைக்கும் பலம் அந்தத் தண்டிலும் விழுகிறது. திங்கட்கிழமை அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு ஆற்றங்கரை மேட்டில் இறங்கியிருப்பான். நான் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையே பழைய போர்க்கைத் திரும்ப மாட்டினோம். முதலில் செய்திருக்க வேண்டிய வேலையை அப்போதுதான் செய்தோம்: ஆயில் சீல் இரண்டும் புதிது, எண்ணெய் புதிது. செலவு 80 வெள்ளி. பாதி நோய் அதிலேயே தீர்ந்தது. உங்கள் வீட்டு வண்டியின் போர்க்கில் எண்ணெய் கசிந்தால் நாள் கடத்தாதீர்கள். அது வழிந்து பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது.

ஆனாலும் 700 வெள்ளி மூட்டை மூலையில் கிடக்கிறதே! அதை என்ன செய்வது? இந்தத் தடவை வெர்னியர் அளவுகோல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கழுத்துக் குழாயின் நீளம், மேல் பேரிங், கீழ் பேரிங், பழைய ஸ்டெம்மின் பருமன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினான். லேத் பட்டறைக்காரர் ஒருவர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "வெல்டிங் வேண்டாம்" என்றார். வண்டியின் சொந்த ஸ்டெம்மைப் பழைய கீழ்த்தட்டிலிருந்து அழுத்திக் கழற்றி, பந்தய கீழ்த்தட்டின் துளைக்கு ஏற்ப ஒரு வளையம் கடைந்து, இறுக்கமாக அழுத்தி ஏற்றினார். சொந்தத் தண்டு என்பதால் பேரிங்கும் பழையபடியே பொருந்தியது. இந்த வேலை எல்லாத் தட்டுக்கும் ஒத்துவராது. சிலவற்றில் ஸ்டெம்மும் தட்டும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக இருக்கும். கடைவது தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்தது நீளம். புதிய போர்க் வண்டியின் முன்பக்கத்தை 50 மி.மீ. தூக்கியது. இரண்டு சக்கரங்களின் அச்சுக்கும் இடையே எங்கள் அளவில் 1340 மி.மீ. இந்தக் கணக்கைப் போட்டால் வண்டி ஏறக்குறைய 2 பாகை பின்னுக்குச் சாய்கிறது. 2 பாகைதானே என்கிறீர்களா? முன்சக்கரம் இன்னும் முன்னால் தள்ளி நிற்கும். நேர்ப்பாதையில் அமைதியாகப் போகும், ஆனால் செம்பனை வரிசைக்குள் மெதுவாகத் திருப்பினால் கைப்பிடி கனக்கும், வட்டம் அகலும். பின்னால் ஏறுவதற்கு அம்மாவுக்கும் கால் எட்டவில்லை. அவர் கைலியைத் தூக்கிக்கொண்டு தடுமாறியதைப் பார்த்துத்தான் பையன் போர்க் குழாய்களைத் தட்டுக்குள் மேலே ஏற்றிக் குட்டையாக்கினான். அப்படி ஏற்றினால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, போர்க்கை முழுவதும் அமுக்கி, டயரோ மட்கார்டோ கீழ்த்தட்டில் இடிக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். எங்கள் வண்டியில் தடித்த குழாய் பெட்ரோல் டாங்கியில் முட்டியது. திருப்பத்தை நிறுத்தும் கட்டைக்கு ஒரு துண்டு கூட்ட வேண்டியிருந்தது. கேபிளும் பிரேக் குழாயும் இழுபடக் கூடாது.

பிறகு ஸ்பிரிங். கடினமான ஸ்பிரிங்தான் நல்ல ஸ்பிரிங் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பந்தய வண்டிகளில் ஒரு ஸ்பிரிங் 0.42 முதல் 0.48 என்ற கணக்கில் இருப்பது சாதாரணம். 0.44 என்றால், ஒரு மி.மீ. அமுங்க 440 கிராம் பாரம் வேண்டும். இரண்டு காலுக்கும் 880 கிராம். உயரத்திலிருந்து குதித்து இறங்கும் பந்தயக்காரருக்கு அது சரி. வேலைக்குப் போகிற 60 கிலோ பையனுக்கு அது மரக்கட்டைதான். பளபளக்கும் குழாயில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை இறுக்கி, இருவர் வண்டியைத் தூக்கிப் பிடிக்கக் கீழே தள்ளி வைத்து, பிறகு அவனை மெல்ல ஏறி உட்காரச் சொன்னோம். 280 மி.மீ. அமுங்க வேண்டிய போர்க்கில் பட்டை 45 மி.மீ. தான் நகர்ந்தது. கால் பங்காவது, அதாவது 70 மி.மீ. சுற்றி நகர வேண்டும். 0.38 ஸ்பிரிங் தேடிப் போட்டு, எண்ணெய் மட்டத்தையும் சற்றுக் குறைத்த பிறகு 68 வந்தது. எண்ணெய் மட்டத்தை ஸ்பிரிங் இல்லாமல், குழாயை முழுவதும் அமுக்கி வைத்து மேலிருந்து அளக்க வேண்டும். இரண்டு காலிலும் ஒரே அளவு.

பெரிய சாலைக்குப் போகும் வண்டி என்றால், அமைப்பை மாற்றுவதற்கு முன் ஜே.பி.ஜே.யில் கேட்டுவிடுங்கள்; காப்புறுதிக்காரரிடமும் சொல்லுங்கள். இதைப் பையனுக்கு நான் கடைசியில்தான் சொன்னேன். முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

லேத்தும் ஸ்பிரிங்கும் சேர்த்து இன்னொரு 430 வெள்ளி ஆனது. இதை எழுதும்போது வண்டி நன்றாக ஓடுகிறது. பள்ளத்தில் முன்போல அடிப்பதில்லை. மாதம் ஒருமுறை மேல்மூடியைக் கழற்றி என் வீட்டு வாசலில் கொண்டுவந்து காட்டுகிறான். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். பழைய போர்க்கைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்களாம். அம்மா கொடுக்கவில்லை. சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருக்கிறார். "இருக்கட்டும் சார், மறுபடி ஏதாச்சும் சத்தம் வந்தா திங்கக்கிழமைக்கு வேணும்ல" என்கிறார்.