தேவசித்தமும் நம் திட்டங்களும்

‘எல்லாம் அவன் செயல்’ என்று நம் வீடுகளில் சொல்கிறோம். அடுத்த வீட்டு வங்காளிப் பாட்டி ‘ஷொபி டாக்குரேர் இச்சே’ என்கிறார். இஸ்லாமிய நண்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லும்போதே ‘இன்ஷா அல்லா’ என்று சேர்த்துக்கொள்கிறார். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஊருக்கு எழுதும் கடிதமானாலும் சபையில் செய்யும் அறிவிப்பானாலும் ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ என்ற சொற்கள் தாமாகவே வந்து விழும். மார்க்கங்கள் வேறானாலும், மனிதன் போடும் கணக்குக்கு மேலே இன்னொரு கணக்கு உண்டு என்ற பணிவு எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது.

இந்தப் பணிவான சொல்லை நாம் யாரைக் குறித்து, எந்த நேரத்தில் சொல்கிறோம் என்பதைச் சற்று யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் தம் சொந்தத் திட்டத்தை இறைவனிடம் ஒப்படைக்கும்போது இப்படிச் சொன்னால் அது விசுவாசம். அதே சொல்லைப் பிறர் இழப்பின் மேல் தீர்ப்பாக எழுதும்போதும், நம் விருப்பத்தைப் பிள்ளைகள் மேல் திணிக்கும்போதும் அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது.

முதலில் வேதாகமம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். யாக்கோபு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் சில வியாபாரிகள் வருகிறார்கள். இன்ன பட்டணத்துக்குப் போய், ஒரு வருஷம் தங்கி, வியாபாரம் செய்து லாபம் சம்பாதிப்போம் என்று அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். யாக்கோபு அவர்களை வியாபாரத்துக்குப் போகாதே என்று தடுக்கவில்லை. நாளை நம் கையில் இருப்பதுபோல் பேசும் வீண்பெருமையைத்தான் கண்டிக்கிறார். அப்போஸ்தலனாகிய பவுலும் பெரிய திட்டக்காரர்தான். ரோமாபுரி வழியாக ஸ்பெயின் தேசம் வரை போக வேண்டும் என்று அவர் எண்ணியிருந்ததை அவரே ரோமருக்கு எழுதியிருக்கிறார். ரோமாபுரிக்கு அவர் போய்ச் சேர்ந்தார், ஆனால் கைதியாக! அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. தம்மிடம் வந்தவர்களுக்கெல்லாம் போதித்துக்கொண்டே இருந்தார்.

கெத்செமனே தோட்டத்தில் இயேசுபிரான் செய்த ஜெபத்தையும் நாம் பாதியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன், இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று அவர் மனம் நொந்து வேண்டினார் என்பதை மறந்துவிடுகிறோம். ஆகவே, ஆசைப்படுவதோ அழுது கேட்பதோ அவிசுவாசம் ஆகாது. கேட்டபின் விடையை இறைவன் கையில் விடுவதுதான் ஒப்புக்கொடுத்தல்.

வைணவ அன்பர்களுக்கு இந்த விவாதம் புதிதன்று. தாய்க்குரங்கை இறுகப் பற்றிக்கொள்ளும் குட்டியைப்போல் பக்தனும் முயல வேண்டுமா, தாய்ப்பூனை வாயில் கவ்விச் செல்லும் குட்டியைப்போல் சும்மா கிடந்தால் போதுமா என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். கிறிஸ்தவர்களுக்குள்ளும் இந்தக் கேள்வி உண்டு. வாதத்தைவிட வாழ்க்கைகளைப் பார்ப்பது நமக்கு எளிது. நம் கல்கத்தாவுக்கு நெருங்கிய இரண்டு பேரைச் சொல்கிறேன்.

டாக்குரியாவில் குடியிருக்கும் தமிழனிடம் வங்காளி அண்டை வீட்டார் கேட்கும் கேள்விகளில் ஒன்று வேலூரைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஹௌராவில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கும் வங்க நோயாளிகளுக்குக் கணக்கே இல்லை. அந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஒரு பெண் தம் திட்டத்தைக் கைவிட்டதால் உண்டானது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

ஐடா ஸ்கட்டர் 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில், அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். பாட்டனார் மருத்துவர், தகப்பனாரும் மருத்துவர். பஞ்சத்தையும் வறுமையையும் சிறு வயதிலேயே கண்டு சலித்துப்போன அவருக்கு மிஷனரி வாழ்க்கை வேண்டவே வேண்டாம் என்றிருந்தது. அமெரிக்காவில் மணம் செய்துகொண்டு வசதியாக வாழ வேண்டும் என்பதே ஆசை. தாயாருக்கு உடல்நலம் சரியில்லை என்பதால் 1890இல் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாளில் திரும்பிவிடுவதாக எண்ணம். அங்கே ஓர் இரவில் ஒருவர்பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் இன்னொரு சாதி இந்து. மூவரின் இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். நான் மருத்துவர் இல்லை, என் தகப்பனாரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தொட்டு வைத்தியம் பார்ப்பதை அவர்கள் வழக்கம் அனுமதிக்கவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

ஐடா அமெரிக்கா திரும்பினார், ஆனால் மருத்துவம் படிப்பதற்காக. 1899இல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் இந்தியா வந்து சேர்ந்தார். தகப்பனாரிடம் தொழில் பழகலாம் என்றிருந்தார். அந்த ஆண்டே தகப்பனார் காலமானார். ஆனாலும் 1902இல் வேலூரில் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை திறந்தது. 1909இல் செவிலியர் பயிற்சியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கின.

இந்தக் கதையில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. தேவசித்தம் ஐடாவுக்கு வானத்திலிருந்து குரலாக வரவில்லை. பிறர் துயரமாக வந்து கதவைத் தட்டியது. சொந்தத் திட்டத்தை விட்டபின் அவர் திட்டமே போடாமல் இருக்கவும் இல்லை. நிதி திரட்டினார், கட்டடம் கட்டினார், பாடம் நடத்தினார். அவர் விட்டது தமக்காகப் போட்ட திட்டத்தைத்தான்.

அதைவிடக் கடினமான ஒப்படைப்பு முதுமையில் வந்தது. 1930களின் கடைசியில் சென்னை மாகாண அரசு, டிப்ளமா படிப்பை நிறுத்தி, மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. கல்லூரி பிழைக்க வேண்டுமானால் பெரும் பணம் வேண்டும். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால்தான் சபைகளின் உதவி கிடைக்கும் என்ற நிலை. பெண்களுக்கென்று தொடங்கிய கல்லூரியில் ஆண்களா என்று அமெரிக்காவிலிருந்த அவருடைய நெடுநாளைய ஆதரவாளர்களே எதிர்த்தார்கள். ஐடா வேதனைப்பட்டார்; ஆயினும் இணங்கினார். 70 வயதுக்குமேல் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது; 1947இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். சுயநலமான திட்டத்தை விடுவது ஒருபடி. கடவுள் கொடுத்த பணி என்று நம்பி வளர்த்த திட்டத்தையும் மாற்ற இணங்குவது அதற்கும் மேலான படி. சங்கம், சபை, பள்ளி நடத்துகிறவர்கள் எல்லோரும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

மற்றவர் அன்னை தெரசா. எண்டாலியில் செயின்ட் மேரீஸ் பள்ளியில் ஆசிரியையாக இருந்த அவர், 1946 செப்டம்பர் 10ஆம் தேதி டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளிடையே சென்று வாழும்படி ஆண்டவர் அழைப்பதை உணர்ந்தார். அழைப்பு வந்த மறுநாளே அவர் தெருவில் இறங்கிவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். பேராயர் பெரியே உடனே சம்மதிக்கவில்லை; பொறுத்திருக்கச் சொன்னார். இடையில் ஆசன்சோலுக்கு மாற்றலும் வந்தது. கடிதத்துக்குமேல் கடிதம் எழுதி அனுமதி கேட்டார். ஆனால் அனுமதி பெறாமல் ஓர் அடி வைக்கவில்லை. 1948 ஆகஸ்டில் மடத்தைவிட்டு வெளியே வந்து, பாட்னாவில் சில காலம் மருத்துவப் பயிற்சி பெற்று, அந்த ஆண்டு டிசம்பரில் மோத்திஜீல் பஸ்தியில் பணியைத் தொடங்கினார். 1950இல் சபை நிறுவப்பட்டது. 1952இல் காளிகாட்டில் நிர்மல் ஹிருதய் திறந்தது.

நம் விருப்பத்துக்கே தேவசித்தம் என்று பெயர் சூட்டிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அதைச் சோதித்துப் பார்க்கக் காத்திருத்தல் ஒரு நல்ல வழி. பிறர் கேள்வி கேட்கட்டும் என்று பணிந்து நிற்பது இன்னொரு வழி. அன்னை இரண்டையும் செய்தார். 2007இல் வெளியான அவருடைய கடிதங்களைப் படித்தவர்களுக்கு மற்றொன்றும் தெரியும். பணி தொடங்கியபின் பல பத்தாண்டுகள் அவருக்கு இறைவனின் அருகாமையே மனதில் தட்டுப்படவில்லை. ஒப்புக்கொடுத்தால் உடனே மனநிம்மதி வந்துவிடும் என்று பிரசங்கம் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இனி நம் டாக்குரியாவுக்கே வருகிறேன். 2011 டிசம்பர் 9ஆம் தேதி விடியற்காலையில், அப்போது ஆம்ரி என்ற பெயரில் நடந்துவந்த மருத்துவமனையில் தீ விபத்து ஏற்பட்டு 90க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வண்டிகள் நிறுத்த வேண்டிய கீழ்த்தளத்தில் எரியும் பொருட்கள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. கண்ணாடியால் மூடிய கட்டடத்தில் புகை மேலே பரவியது. பெரும்பாலோர் மூச்சுத் திணறியே இறந்தார்கள். இதைப் பகவானின் சித்தம் என்று சொல்லி முடித்துவிடலாமா? மனிதன் செய்யத் தவறியதைக் கடவுள் தலையில் சுமத்துவது பக்தியாகாது. அப்படிச் சொல்லிவிட்டால் கேட்க வேண்டிய கேள்விகளை யார் கேட்பது? இழந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அந்த விடியற்காலையில் தேவசித்தம் எங்கே இருந்தது என்று என்னைக் கேட்டால், ஓடிவந்து நோயாளிகளை இறக்கிய பக்கத்துப் பஸ்தி இளைஞர்களிடம் இருந்தது என்பேன். நோயாளிகள் சிலரை மீட்டு வெளியே சேர்த்துவிட்டு, மற்றவர்களுக்காக மறுபடி உள்ளே போய் உயிரிழந்த கேரளத்துச் செவிலியர் இருவரிடம் இருந்தது என்பேன். அந்தப் பெண்களுக்கும் வீடு, கல்யாணம், எதிர்காலம் என்று திட்டங்கள் இருந்திருக்கும். அவர்கள் எந்த மார்க்கத்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக நம் வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வருஷ மாற்றல் என்று இந்நகரத்துக்கு வந்து முப்பது வருஷம் தங்கிவிட்ட குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. திட்டம் மாறுவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், மகள் பாட்டுப் படிக்க விரும்பும்போது என்ஜினியரிங்தான் தேவசித்தம் என்கிறோம். மகன் ஒரு பெண்ணை விரும்பினால் அது தேவசித்தம் இல்லை என்று ஜெபம் செய்யாமலே தெரிந்துகொள்கிறோம். இங்கே ஒப்படைக்கப்படுவது பிள்ளையின் திட்டம். நிறைவேறுவது பெற்றோரின் திட்டம். நடுவில் கடவுளின் பெயர் மட்டும் பயன்படுகிறது.

எனவே, தேவசித்தம் என்று வாயெடுக்கும்முன் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: இதனால் விட்டுக்கொடுப்பது யார்? நாமாக இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். வேறு யாராவது என்றால், அந்தச் சொல்லை அப்போதைக்கு அடக்கிக்கொண்டு, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன உதவி வேண்டும் என்று கேட்பதே கிறிஸ்துவுக்கு ஏற்ற காரியம்.